வலிமை பிறக்குமிடம்

சேலம், நாமக்கல் சமவெளிகளில் கைத்தறி நெய்வோரைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நாடாவை ஓட்டுவது கை. ஆயினும் கால் மிதியை அழுத்திப் பாவைப் பிரித்த பின்னரே நாடாவுக்கு வழி பிறக்கிறது. கையின் விரைவு கண்ணுக்குத் தெரிகிறது. காலின் உழைப்போ தறிக்குழிக்குள் மறைந்திருக்கிறது. விளையாட்டிலும் நிலை இதுவே. எறிதலும் வீசுதலும் அடித்தலும் கையில் முடிகின்றன, காலில் தொடங்குகின்றன.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் 1991ஆம் ஆண்டு பிறந்தவர் த. நடராஜன். தந்தை நெசவுத் தொழிலாளி; தாய் சாலையோரக் கடை நடத்தியவர். இளமையில் அவர் வீசியது டென்னிஸ் பந்து. அதன் எடை ஏறத்தாழ 58 கிராம். கிரிக்கெட் பந்தின் எடையோ 156 முதல் 163 கிராம் வரை. ஓரிரு வீச்சுகளில் உணரப்படாத இவ்வேறுபாடு, நாள் முழுதும் வீசும்போது தோளையும் முதுகையும் முழங்காலையும் சோதித்துவிடும். 2015இல் தமிழ்நாட்டு அணிக்காகக் களமிறங்கியபோது அவருடைய பந்துவீச்சு முறை ஐயத்துக்கு உள்ளானது. வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரலாகாது என்பது விதி. அவர் மனம் தளரவில்லை. பயிற்சியாளர்களின் துணையோடு முறையைத் திருத்திக்கொண்டு மீண்டும் களம் புகுந்தார்.

விரைவாகப் பந்து வீசுவோர் ஓடிவந்து முன்காலை ஊன்றும் நொடியில், உடல் எடையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட எதிர்விசையை நிலம் தரக்கூடும். அவ்விசை காலிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து உடற்பகுதிக்கும், அங்கிருந்து தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்றும் படிப்படியாகச் செல்கிறது. ஓர் உறுப்பு தன் விரைவை அடுத்ததற்கு அளித்துத் தான் அடங்குகிறது. இடையில் ஒன்று வலுவிழந்திருந்தால், அதன் சுமையை அடுத்த உறுப்பு ஏற்க நேர்கிறது. காயமும் அங்கே தோன்றுகிறது.

இவ்வொழுங்கு பந்துவீச்சுக்கு மட்டும் உரியதன்று. கோல்ஃப் ஆட்டக்காரர் ஓடுவதில்லை. நின்ற இடத்திலிருந்தே 46 கிராமுக்கும் மிகாத சிறு பந்தை இருநூறு மீட்டருக்கும் அப்பால் அடிக்கிறார். அங்கும் விசை பாதத்தில் பிறந்து, இடுப்பின் சுழற்சியில் வளர்ந்து, மட்டையின் முனையைச் சேர்கிறது. எடை தூக்கினால் தசை இறுகிச் சுழற்சி கெடும் என்று பலரும் நம்பிய காலத்தில், தென்னாப்பிரிக்க வீரர் கேரி பிளேயர் எடைப்பயிற்சியைக் கைவிடாது மேற்கொண்டார். 1965இல் அவ்விளையாட்டின் நான்கு பெரும்போட்டிகளையும் வென்ற பெருமையை அவர் எய்தினார்.

இந்த அறிவு தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. மற்போர் பயில்வோரும் சிலம்பம் பயில்வோரும் கர்லாக்கட்டை சுற்றித் தோளையும் இடுப்பையும் உரமாக்கினர். தண்டாலும் பஸ்கியும் எடுத்துக் கைகால்களை வலுப்படுத்தினர். இந்தியாவில் கண்ட கட்டை சுற்றும் பயிற்சியை ஆங்கிலேயர் மேலைநாடுகளுக்குக் கொண்டு சென்றனர். 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக்கில் அது ஒரு போட்டியாகவே இடம்பெற்றது.

ஆயினும் வலிமைப் பயிற்சிக்கு அளவு வேண்டும். முதலில் தம் உடல் எடையைத் தாங்கவும், பின்னர்ச் சிறிது சிறிதாக எடையைக் கூட்டவும், இறுதியில் அவ்வலிமையை விரைவாக மாற்றவும் பழகுவதே முறை. பயிற்சிக்கு இணையாக ஓய்வும் உறக்கமும் வேண்டும். தசை வளர்வது ஓய்வில்தான். ஆசிரியரின் மேற்பார்வையின்றி மிகுந்த எடையைத் தூக்குதல் வலிமை தராது, கேடே தரும்.

வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா சென்ற நடராஜன், 2020-21 பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் ஆகிய மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். ஒரே பயணத்தில் இவ்வாறு அறிமுகமான முதல் இந்தியர் அவரே. பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்சில் மூன்று விக்கெட்டுகளைச் சாய்த்தார். அதே 2021இல் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. உலகம் வியந்தது அவருடைய கையை. அதற்கு ஈடு கொடுத்துத் தேய்ந்தது கால். அதை மீண்டும் வலுப்படுத்திய பின்னரே அவர் களம் திரும்பினார்.

2023இல் சின்னப்பம்பட்டியில் அவர் அமைத்த விளையாட்டுத் திடல் திறக்கப்பட்டது. அங்கு வரும் இளைஞர்கள் முதலில் பந்தையே நாடுவர், அது இயல்பு. பந்துக்கு முன்னர்க் காலையும் இடுப்பையும் பேணக் கற்றவர்களே அத்திடலில் நெடுங்காலம் நிலைத்து ஆடுவர்.