சக்கரத்தின் கோட்டமும் என் கோட்டமும்

சில ஆண்டுகளுக்கு முன் எம் துறை மொழிபெயர்ப்புப் போட்டி ஒன்றை நடத்தியது. ஆங்கிலப் பகுதியை எழுதிக் கொடுக்கும் பொறுப்பும் விடைத்தாள்களைத் திருத்தும் பொறுப்பும் எனக்கே வாய்த்தன. புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் ஓர் ஊர் எவ்வாறு காட்சியளித்தது என்பதே நான் தந்த பகுதி. அதில் உருக்குலைந்த பொருள்கள் பல வந்தன. அவை அனைத்திற்கும் ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்கள் உண்டு என்பதை மாணவர்கள் உணர வேண்டும் என்பது என் நோக்கம்.

மின்கம்பம் ஒரு பக்கமாக வளைந்தால் அது 'பென்ட்'. கூரைத் தகட்டின் இரு முனைகளும் எதிரெதிராகத் திருகப்பட்டால் 'ட்விஸ்டட்'. ஈரத்தாலும் வெயிலாலும் கதவின் மரம் தளம் பிறழ்ந்தால் 'வார்ப்டு'. பாரம் தாங்காது சைக்கிள் சக்கரம் மடங்கினால் 'பக்கிள்டு'. அடிபட்ட இடம் மட்டும் உள்ளே குழிந்த தகரப் பெட்டி 'டென்டட்'. கெடாமலே நேர்நிலை தப்பித் தொங்கும் பெயர்ப்பலகை 'அஸ்கியூ'.

மாணவர் பலர் எல்லாவற்றையும் 'வளைந்தது' என்ற ஒரே சொல்லால் கடந்து சென்றனர். ஒரே ஒரு மாணவர் வேறுபடுத்தி எழுதியிருந்தார். கம்பம் வளைந்தது, தகடு முறுக்கிக் கிடந்தது, கதவு கோணிக்கொண்டது, பெட்டியில் ஒடுக்கு விழுந்தது, பலகை சாய்ந்து தொங்கியது. படித்து மகிழ்ந்த நான், 'சக்கரத்தில் கோட்டம் விழுந்திருந்தது' என்ற இடத்தில் நின்றேன். சிவப்பு மையால் அடித்து 2 மதிப்பெண்களைக் குறைத்தேன். அந்த 2 மதிப்பெண்களால் முதற்பரிசு வேறொருவருக்குச் சென்றது.

அவர் தயங்கியவாறு என்னிடம் வந்தார். "ஐயா, எங்கள் சைக்கிள் கடையில் அப்படித்தான் சொல்வோம்" என்றார். "தம்பி, கடைத்தமிழ் வேறு, ஏட்டுத்தமிழ் வேறு. கோட்டம் என்பது மனத்திற்கு உரியது. வள்ளுவர் நடுவுநிலைமையில் எதற்கு அச்சொல்லை ஆள்கிறார் என்று பாருங்கள்" என்றேன். "சரிங்க ஐயா" என்று சென்றுவிட்டார். என் புலமையை நிலைநாட்டிய நிறைவு எனக்கு.

ஓராண்டு கழிந்தது. என் சைக்கிள் ஒரு பள்ளத்தில் இறங்கி, முன்சக்கரம் இருபுறமும் ஆடத் தொடங்கியது. சாலையோரக் கடை ஒன்றில் நிறுத்தினேன். கடைப் பெரியவர் சக்கரத்தைச் சுழலவிட்டு, அதன் விளிம்பருகே சுண்ணக்கட்டியைப் பிடித்தார். விலகிய இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. "கோட்டம் விழுந்திருக்கு பாய், எடுத்துடலாம்" என்றார். அருகிலிருந்த சிறுவன் "பெண்டு எடுத்தா சரியாயிடும்" என்றான். ஆங்கிலத்தின் 'பென்ட்' தமிழ் உடுத்திப் 'பெண்டு' என வந்து, கோட்டத்தின் பக்கத்தில் அமர்ந்திருக்கக் கண்டேன். பெரியவர் சுத்தியலைத் தொடவில்லை. விலகிய பக்கத்துக் கம்பிகளைச் சிறிது தளர்த்தினார். எதிர்ப்பக்கத்துக் கம்பிகளைச் சிறிது இறுக்கினார். மீண்டும் சுழற்றிப் பார்த்தார். எனக்கோ முகம் சுருங்கியது.

அன்று மாலையே நூலகம் சென்றேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினேன். கோட்டம் என்பதற்கு வளைவு என்ற பொருள் அங்கே இருந்தது. பொருளின் வளைவைக் குறித்த சொல்லைத்தான் வள்ளுவர் சொல்லுக்கும் உள்ளத்திற்கும் ஏற்றிக் கூறினார். சக்கரத்தின் கோட்டத்தை அறியாதவன் மனத்தின் கோட்டத்தை எங்ஙனம் அறிவான்?

ஆங்கிலத்தின் வழியும் இதுவே என்பதைப் பின்னர்க் கண்டேன். பிழையைக் குறிக்கும் 'ராங்' என்ற சொல், கோணல் என்னும் பொருளுடைய பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. துணியைப் பிழியும் 'ரிங்' அதன் உறவு. முகம் கோணுவதைக் குறிக்கும் 'ரை', நெளிந்து துடிப்பதைக் குறிக்கும் 'ரைத்', திருகும் கருவியான 'ரெஞ்ச்' ஆகியவற்றிலும் முறுக்கே உள்ளுறை. இலத்தீனில் திருகுதலைக் குறிக்கும் வினையிலிருந்து சித்திரவதையாகிய 'டார்ச்சர்', திரித்துக் கூறலாகிய 'டிஸ்டார்ட்', அச்சுறுத்திப் பறித்தலாகிய 'எக்ஸ்டார்ட்', சட்டத்தார் தீங்கியல் எனக் கூறும் 'டார்ட்' யாவும் பிறந்தன. சரி என்னும் 'ரைட்' நேர் என்ற வேரினது. நம் மொழியிலும் செம்மை நேர்மையாகவும், கொடுமை வளைவாகவும் இருந்தமையால் அன்றோ செங்கோல், கொடுங்கோல் என்ற சொற்கள் தோன்றின?

வளைவெல்லாம் கோணல் அன்று என்பதும் ஈண்டு நினையத்தக்கது. 'பென்ட்' என்பதன் மூலவினை, நாணேற்ற வில்லை வளைத்தலைக் குறித்தது. தொழுகையின் ருகூவில் நம் முதுகு வளைகிறது. அவ்வளைவில் உள்ளம் நிமிர்கிறது. ஐவேளைக் கடமைத் தொழுகையின் 17 ரக்அத்துகளிலும் சூரத்துல் ஃபாத்திஹாவின் வாயிலாக நேர்வழியை வேண்டுகிறோம். நாள்தோறும் அதனை வேண்டிய நானே, கையில் சிவப்பு மையுடன் ஒரு மாணவரிடம் கோணினேன். அவர் சொல்லில் பிழை இல்லை; அச்சொல் கடையிலிருந்து வந்தது என்பதே என் கண்ணுக்குப் பிழையாயிற்று.

துறை அலமாரியிலிருந்து அத்தாளை எடுத்து மதிப்பெண்ணைத் திருத்திக் கையொப்பமிட்டேன். பரிசைத் திருத்த இயலவில்லை. மாணவரோ படிப்பை முடித்துச் சென்றிருந்தார். அவர் தந்தையின் கடையைத் தேடிச் சென்றேன். ஒரு சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தவர் எழுந்து சலாம் சொன்னார். "தம்பி, நீங்கள் எழுதியதே சரி, நான்தான் தவறிழைத்தேன்" என்றேன். சற்று நேரம் அவர் ஒன்றும் கூறவில்லை. பின்னர், "அன்றே நீங்கள் கேட்டிருந்தால் வகுப்பிலேயே காட்டியிருப்பேன் ஐயா" என்றார். அவ்வளவே. தேநீர் வரவழைத்துத் தந்தார்.

அன்றுமுதல் விடைத்தாளில் நான் அறியாத சொல்லைக் கண்டால் அடிப்பதில்லை. வினாக்குறி இட்டு, எழுதியவரை அழைத்துக் கேட்கிறேன். தறியிலிருந்தும் தோணியிலிருந்தும் தச்சுப் பட்டறையிலிருந்தும் எத்தனையோ நல்ல தமிழ்ச் சொற்கள் இவ்வாறு என்னிடம் வந்து சேர்ந்துள்ளன. மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டுச் சொல்லை வகுப்பறை வாயிலில் விட்டுவிட்டு வராதீர்கள். நாங்கள் கோணினால், கோட்டம் எடுக்க உங்களாலும் இயலும்.