அப்பாவின் இரத்தம்

 

போன மாதம் ஓரிரவு, எங்கள் பாடசாலையில் தரம் 6 படிக்கும் பிள்ளையின் அப்பா அழைத்தார். டிக்கோயாப் பக்கம் தோட்டம். மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. குழந்தை ஒரு கிலோதான், தீவிர சிகிச்சைப் பிரிவில். இரத்தம் ஏற்ற வேண்டுமாம்.

"என் ரத்தமும் ஓ தான் சேர். எடுக்க மாட்டேங்கிறாங்க. தோட்டத்து ஆளுன்னுதானே?"

உடனே போனேன். அங்கே சிங்களத்தில் விளக்கியிருக்கிறார்கள், இவருக்குப் பாதிதான் விளங்கியிருக்கிறது. மீதியை அவரே கோபத்தால் நிரப்பிக்கொண்டார். டொக்டர் மறுபடி சொல்ல, நான் தமிழில் சொன்னேன். சொந்த இரத்தம்தான் நல்லது என்று நானும் அதுவரை நம்பியிருந்தவன்தான்.

விஷயம் நேர்மாறு. அப்பாவின் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களை, குழந்தையின் உடம்பு வேற்றாள் என்று கண்டுபிடிக்காமல் விட்டுவிடலாம். அவை உள்ளேயே தங்கிக் குழந்தையைத் தாக்கினால் காப்பாற்றுவது மிகக் கடினம். கதிர்வீச்சுக் கொடுத்து அந்த அணுக்களைச் செயலிழக்கச் செய்யாமல் நெருங்கிய உறவினர் இரத்தத்தை ஏற்றக் கூடாது. அதோடு, அப்பாவின் இரத்த அணுக்களுக்கு எதிரான பொருட்கள் தாயின் உடம்பில் உருவாகி, குழந்தைக்கும் வந்திருக்கலாம். ஆகவே முன்பின் தெரியாத ஒருவரின் இரத்தமே பாதுகாப்பு. இலங்கையில் 2014 முதல் இரத்த வங்கிக்கு வருவதெல்லாம் தானாக முன்வந்து கொடுப்பவர்களின் இரத்தம்தான்.

ஒரு கிலோக் குழந்தையின் மொத்த இரத்தமே 100 மில்லிலீற்றருக்குள். ஒரு பிளேன்டீக் கோப்பைகூட நிறையாது. பரிசோதனைக்கு எடுக்கும் சொட்டுகளே அதற்குப் பெரிய இழப்பு. ஏற்றுவதும் 15 மில்லிலீற்றர் அளவுதான், அதையும் மூன்று நான்கு மணி நேரமாக, ஊசிப் பம்பில். வேகமாகப் போனால் இதயம் தாங்காது.

குழந்தைக்கு இன்னும் பெயரில்லை. காலில் கட்டிய பட்டியில் அம்மாவின் பெயரும் இலக்கமும். இரண்டு தாதிமார் அதையும் பையிலிருந்ததையும் மாறி மாறி வாசித்தார்கள். தோட்டத்தில் ஒரே பெயரில் எத்தனை பேர்! அந்த இலக்கம்தான் துணை.

விடியும்போது அவர் கோபம் தணிந்திருந்தது. "அப்ப வேற யாரு புள்ளைக்காவது குடுக்கிறேன் சேர்" என்று இரத்த வங்கிக்குப் போனார். எடை 47 கிலோ. 50 வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"ஐம்பது கிலோ மூட்டை தூக்குறேன். எனக்கு எடை காணாதா?"

அன்று நான் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேற்று அழைத்தார். குழந்தை 1,400 கிராம். அவர் 48.