உடன்பிறப்பும் தொண்டும்

உடன்பிறந்தாரிடையே பாசம் இயல்பாகத் தோன்றலாம். தொண்டோ பயிற்சியால் வருவது. இங்கிலாந்தின் எப்வேர்த் குருமனையில் சூசன்னா வெஸ்லி பிள்ளைகளை வளர்த்த முறை இதற்குச் சான்றாகும்.

1709இல் அம்மனை தீக்கிரையாயிற்று. பிள்ளைகள் பல வீடுகளிற் பிரிந்து வாழ்ந்தமையால் முன்னைய ஒழுங்கு குலைந்தது. மனை மீண்டும் எழுந்தபின் அவர் புதியதொரு வழக்கத்தை ஏற்படுத்தினார். மாலை 5 மணிக்கு மூத்த பிள்ளை, பேசத் தெரிந்தோருள் இளைய பிள்ளையைத் தனியே அழைத்துச் சென்று சங்கீதமும் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரமும் வாசித்தல் வேண்டும். ஏனையோரும் அவ்வாறே இணைதல் வேண்டும். குண்டூசியேயாயினும் உடையவர் இசைவின்றி எடுத்தலாகாது என்பது, 1732இல் மகன் ஜோனுக்கு அவர் எழுதிய கடிதத்திற் காணும் விதி.

கண்டிப்பு மிகுந்த அவ்வில்லம் இன்று முழு மாதிரியாகாது. எனினும் பிறர் உரிமையை மதித்தலும் இளையோர்க்கு நேரம் ஈதலும் அங்கு ஒருங்கே பயிலப்பட்டன. 1730இல் ஜோனும் தம்பி சார்ள்சும் ஒக்ஸ்போட் சிறைக் கைதிகளை நாடிச் சென்றமை அப்பயிற்சியின் விரிவே எனலாம்.