அடித்தல், வதைத்தல், கொல்லுதல்

‘ஸ்லே’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குக் கொல்லுதல் என்று அகராதிகள் பொருள் தருகின்றன. பழைய ஆங்கிலத்தில் அதன் முதற்பொருள் அடித்தல். அதன் இனச்சொல்லான ஜெர்மானிய ‘ஷ்லாகன்’ இன்றும் அடிப்பதையே குறிக்கிறது. இந்தப் பொருள் மாற்றம் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும். மலையடிவாரத்தில் ‘புலி மாட்டை அடிச்சிருச்சு’ என்றால் மாடு செத்தது என்றுதான் அர்த்தம். ‘பாம்பை அடிச்சாச்சு’ என்றாலும் அப்படியே.

அன்றாட ஆங்கிலம் ‘கில்’ என்கிறது. சட்டம் ‘மர்டர்’ என்கிறது. ‘ஸ்லே’ பழங்கதைகளோடும் வேதாகமத்தோடும் தங்கிவிட்டது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் வேதாகமத்தில் தாவீது கோலியாத்தை வீழ்த்தியதற்கும், காயீன் தன் தம்பி ஆபேலைக் கொன்றதற்கும் இதே சொல்தான். கம்பீரம் அதற்கு உண்டு. நியாய அநியாயம் பார்க்கும் வழக்கம் இல்லை.

தமிழ் பார்க்கிறது. முல்லைப் பெரியாற்றங்கரையில், வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் தலபுராணத்தில் அம்மன் அசுரனை அழித்தது வதம், சம்ஹாரம். அதைக் ‘கொலை’ என்று ஊரில் எவர் நாவும் சொல்லாது. கம்பராமாயணத்தில் தாடகை வதை, வாலி வதை, இராவணன் வதை என்று படலங்கள் உண்டு. மறைந்து நின்று அம்பு விட்டவனை வாலி கேட்கும் கேள்விகளைக் கம்பர் சிறிதும் மழுப்பவில்லை. ஆனாலும் படலத்தின் பெயர் இராமன் பக்கமே நிற்கிறது. குறள் இன்னும் நுட்பமானது. செங்கோன்மை அதிகாரத்தில், கொடியவர் செய்வது கொலை. அவர்களுக்கு வேந்தன் தரும் மரண தண்டனையோ ஒறுத்தல். ஒரே குறளுக்குள் இரண்டு சொற்கள்.

சிலப்பதிகாரத்தில் கோவலன் சாவுக்கு இளங்கோ அந்தச் சலுகையைத் தரவில்லை. ஆணை அரசனுடையது, இருந்தும் காதையின் பெயர் கொலைக்களக் காதை. அந்த ஆணையிலேயே ஒரு வினையெச்சம் உயிரைக் குடிக்கிறது. ‘கொல்ல அச்சிலம்பு கொணர்க’ என்று சொல்ல நினைத்த பாண்டியன், ஊழ்வினையால் ‘கொன்று அச்சிலம்பு கொணர்க’ என்று சொல்லிவிட்டான் என்பது பழைய உரை மரபு. முன்னதில் விசாரணைக்கு இடம் இருந்தது, பின்னதில் இல்லை. ஈறு மாறியதில் ஒரு நிரபராதி செத்தான், அவன் மனைவி கண்ணகியால் மதுரை எரிந்தது. கொல்லும் சொல்லைத் தமிழ் இலக்கியம் இவ்வளவு கூர்மையாக வேறெங்கும் கையாளவில்லை. பள்ளத்தாக்கின் தென்கோடியில், கூடலூருக்கு மேலே மங்கலதேவி மலையில் உள்ள கண்ணகி கோட்டத்துக்கு ஆண்டுக்கு ஒரு நாள், சித்ரா பௌர்ணமியன்று, பளியன்குடி வழியாக மலையேறுகிறவர்கள் அந்தத் தீர்ப்பின் மறுபக்கத்தை இன்றும் கும்பிடுகிறார்கள்.

சங்க இலக்கியத்தின் ‘அடுதல்’ தனி ரகம். சமைப்பதும் அதுதான், கொல்வதும் அதுதான். அடுப்பும் அட்டிலும் அந்த வேரில் பிறந்தவை. அடுகளமும் அதே வேர்தான். ‘செகுத்தல்’ இப்போது ஏட்டில் மட்டும் இருக்கிறது. ‘மாய்த்தல்’ நாளிதழ்களின் தற்கொலைச் செய்திகளில் பிழைத்திருக்கிறது.

‘ஸ்லே’ இன்று பாராட்டுச் சொல்லாகவும் புழங்குகிறது. நியூயார்க்கில் கருப்பின, லத்தீன் அமெரிக்கப் பால்புதுமையினர் நடத்திய ‘பால்ரூம்’ அரங்குகளில், 1970களிலும் 80களிலும் வளர்ந்த வழக்கு அது. உடையிலும் நடையிலும் அசத்தியவரை அப்படி மெச்சினார்கள். தேனிப் பக்கத்திலும் நன்றாகப் பாடியவரை ‘கொன்னுட்டாரு’ என்று வியப்பது உண்டு. ஆனால் ‘கொல்றான்’ என்று நிகழ்காலத்தில் சொன்னால் அது பாராட்டல்ல, அறுவை தாங்கவில்லை என்ற முறையீடு.