சுகர் இருக்கு, சீனி வேண்டாம்

பாளையங்கோட்டையில் அந்த மருந்துக்கடைக்கும் கருப்பட்டிக் காபிக் கடைக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். காபிக் கடைப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தால் மருந்துக்கடைக் கல்லாவும், அதில் ஊன்றியிருக்கும் முழங்கைகளும், அங்கே நடக்கும் பேச்சும் தப்பாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சீட்டோடு வருகிறவர்களைவிடச் சீட்டில்லாமல் வருகிறவர்கள்தான் அதிகம்.

“அண்ணாச்சி, அந்தச் செவப்பு கேப்சூல் ஒரு அட்டை.”

லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். கீழுதட்டுக்குள் நாக்கை விட்டுப் புண்ணைத் துழாவிக்கொண்டே பேசுகிறார். பி காம்ப்ளெக்ஸ் வருகிறது. “இதப் போட்டா ஒண்ணுக்கு மஞ்சமஞ்சேர்னு போகுதே, சூடு கூடிருச்சோ?”

“அது மாத்திரைக் கலரு. பயப்படாதிய.”

கடைக்காரர் சொன்னது சரிதான். உள்ளே இருக்கும் ரைபோஃப்ளேவின் என்கிற பி2 பிறவியிலேயே மஞ்சள். உடம்பு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடுகிறது. கொடுத்த காசில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போகிறது, அவ்வளவுதான். வாய்ப்புண்ணும் ஒருவேளை ஆறலாம்.

அடுத்து வந்த ஆச்சியிடம் அந்தத் தாராளம் செல்லாது. வைட்டமின் டி சாஷே, 60,000 யூனிட். “தெனம் பால்ல கலக்கிக் குடிச்சா மூட்டுவலி வெரசாப் போயிரும்லா?” என்கிறார்.

கடைக்காரர் கையில் எடுத்ததைக் கீழே வைத்துவிட்டார். “ஆச்சி, வாரத்துக்கு ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு.” சொன்னதோடு விடாமல் ஒவ்வொரு சாஷேயின் மேலும் ‘ஞாயிறு’ என்று எழுதப் பார்க்கிறார். பளபளப்புத் தாளில் பேனா வழுக்குகிறது. மேசையறையைக் குடைந்து மார்க்கர் எடுத்து, நான்கிலும் கொட்டை எழுத்தில் எழுதி, ஊதிக் காயவைத்துக் கொடுக்கிறார். ஒரு நாளைக்கு 600 யூனிட் போதும் என்றால் அந்தச் சின்ன உறைக்குள் நூறு நாள் பங்கு இருக்கிறது. இது பி வகையைப் போல நீரோடு போய்விடாது, கொழுப்பில் தங்கும். மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, குழப்பம் என்று தொடங்கிச் சிறுநீரகம் வரைக்கும் இழுத்துவிடும். திருநெல்வேலி வெயிலில் வைட்டமின் டி விற்கிறதே என்று தோன்றத்தான் செய்கிறது. வெயில் தெருவில் இருக்கிறது, ஆச்சி அடுப்படியில் இருக்கிறார்.

ஒரு பெண், ஐந்து வயதுப் பையனோடு. பையன் கல்லாவின் மேலிருந்த சாக்லேட் டப்பாவைக் காட்ட, “பல்லு சொத்தையாயிரும்” என்று கையைத் தட்டிவிடுகிறாள். பிறகு வைட்டமின் கம்மி மிட்டாய் ஒரு டப்பா வாங்குகிறாள். கரடி பொம்மை வடிவில், ஆரஞ்சு நிறத்தில். வாசலிலேயே மூடியைத் திறந்து ஒன்று கொடுத்தாயிற்று. பையன் அதைக் கடிக்காமல் கன்னத்தில் ஒதுக்கிச் சப்புகிறான். இன்னொன்று கேட்கிறான். “தெனம் ரெண்டுதான்” என்று இரண்டாவதும் போகிறது. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் சேர்மானம் இருக்கிறது. எது எடையில் அதிகமோ அது முதலில் வரவேண்டும் என்பது சட்டம். முதலில் சர்க்கரை, அடுத்தது குளுக்கோஸ் சிரப். வைட்டமின்கள் கடைசிக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன.

அதற்குள் சார் வந்துவிட்டார். ஓய்வுபெற்ற வாத்தியார், பெஞ்சில் எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் மருந்துக்கடையில் மாதத்துக்கான மெட்ஃபார்மின் அட்டைகளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்படியே நாலு எட்டு வைத்து இந்தப் பக்கம் வந்து, “சுகர் இருக்கு, சீனி வேண்டாம். கருப்பட்டியே போடு” என்றார். தினமும் இதே வாசகமாக இருக்கும். காபிக்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

பித்தளைப் போணியில் கரைத்து வடிகட்டின கருப்பட்டிப் பாகு. ஒரு கரண்டி, பிறகு யோசித்து இன்னொரு அரைக் கரண்டி. டம்ளரில் பால் விழுந்ததும் சுக்கு வாசனை வருகிறது. ருசியில் சீனிக் காபி இதன் பக்கத்தில் நிற்க முடியாது. இரும்பு, பொட்டாசியம் எல்லாம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் கருப்பட்டியின் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். சீனியும் அதேதான். குடலுக்குள் போனதும் இரண்டும் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ் என்று பிரிந்துவிடும். எந்த மரத்திலிருந்து வந்தோம் என்று அங்கே சொல்லிக்கொண்டிருப்பதில்லை. குளுக்கோஸ் ரத்தத்தில் ஏறும். ஃப்ரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்குப் போகும், அளவு மிஞ்சினால் அங்கே கொழுப்பாகும். விரலில் குத்திப் பார்க்கும் கருவிக்கு முதல் பாதிதான் தெரியும்.

பக்கத்தில் இருந்த ஜிம் பையன் தன் பங்குக்கு, “தேன் விட்டுக் குடிங்க சார், நேச்சுரல்” என்றான். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியில் தேனையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்த்திருக்கிறது. தேன், சீனி, பழச்சாற்றுச் சர்க்கரை எல்லாமாக ஒரு நாள் உணவின் ஆற்றலில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஐந்துக்குள் நின்றால் இன்னும் நல்லது. ஐந்து என்றால் ஏறக்குறைய 25 கிராம், ஆறு தேக்கரண்டி. நாட்டில் நீரிழிவுக்காரர்கள் பத்துக் கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023-இல் சொன்னது. அதில் எத்தனை பேர் இந்த மாதிரிப் பெஞ்சில் நிறம் மாற்றிக் குடிக்கிறார்களோ!

சரக்குப் பையன் ஓலைக் கொட்டானில் கருப்பட்டி கொண்டுவந்து இறக்கினான். காபிக்காரர் ஒரு வட்டை எடுத்துத் திண்ணை முனையில் தட்டி உடைத்தார். உடைந்த முகத்தை டியூப்லைட் பக்கம் திருப்பினார்.

“ஏல, மினுமினுங்குது பாரு. சீனி கெடக்கு.”

“உடன்குடிச் சரக்குண்ணே.”

“உடன்குடிக்குச் சீனி லாரி போகாதோ? கருப்பட்டி விக்கிற வெலைக்கு, கலக்காதவன் கோட்டிக்காரன்லா.”

சொன்னாரே தவிர, திருப்பி அனுப்பவில்லை. கொட்டான் உள்ளே போயிற்று. சார் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. அவர் கவனம் காலில் இருந்தது. வலது செருப்பு கழன்று பெஞ்சுக்கு அடியில் போயிருந்தது. பக்கத்தில் இருந்தவர் காட்டிய பிறகுதான் குனிந்து பார்த்தார். “இப்பல்லாம் கழண்டாலும் தெரிய மாட்டேங்குது. மதமதன்னு கெடக்கு” என்று பாதத்தைத் தேய்த்துக்கொண்டார்.

ஒன்பது வருஷமாக மெட்ஃபார்மின், அதோடு சுத்த சைவம் என்று அவரே சொன்னார். மெட்ஃபார்மின் என்கிற இந்தச் சுகர் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 உடம்பில் ஒட்டுவது குறையும். அந்த பி12 மீன், கறி, முட்டை, பால் இவற்றில்தான் உண்டு. சாருக்கு வாய்த்தது பால் ஒன்று. குறைந்தால் நரம்பு மரத்துப்போகும். சுகரும் நரம்பை இதே மாதிரி மரத்துப்போக வைக்கும். காலைப் பார்த்தால் எது என்று தெரியாது, ரத்தத்தைப் பார்க்க வேண்டும். கல்லாவுக்கு வந்த வைட்டமின்களில் காரணத்தோடு வரவேண்டியது இது ஒன்றுதான். அதற்குச் சீட்டும் இல்லை, பெயரும் தெரியவில்லை. சார் டம்ளரைக் கவிழ்த்துவிட்டு மறுபடி மருந்துக்கடைக்குப் போனார்.

“நரம்புக்குச் சத்து மாத்திரை இருந்தா ஒரு அட்டை குடுங்க.”

கடைக்காரர் எடுத்து வைத்தார். வைத்தவர், “சார், இதப் போடதுக்கு முன்னால ஒரு பி12 டெஸ்ட் எடுத்துப் பாருங்க. போட்டுட்டு எடுத்தா அளவு கூடக் காட்டிரும். டாக்டர்ட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார்.

“எவ்வளவு ஆகும்?”

தொகையைச் சொன்னார். சார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெட்ஃபார்மின் இருந்த பையிலேயே அதையும் செருகிக்கொண்டு நோட்டை நீட்டினார். மீதிக்குச் சில்லறை இல்லை. கடைக்காரர் இரண்டு மிட்டாய் கொடுத்தார். சார் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார்.