கோட்டைக்குப் போகாத சனிக்கிழமை

2025 ஜூலையில் ஒருநாள் சிங்கப்பூரிலிருந்து போன். சித்தி மகனின் பையன். எடுத்த எடுப்பிலேயே, “பெரியப்பா, நாம ஏறாத கோட்டைக்கு யுனெஸ்கோ பட்டம் குடுத்துட்டாங்க!” என்றான். மராட்டியர் கோட்டைகள் 12, உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருந்தன. 11 மகாராஷ்டிரத்தில். மிச்சம் ஒன்று நம்ம செஞ்சி.

‘ஏறாத’ என்ற வார்த்தையை அவன் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது.

என் சித்திக்கு ஊர் வல்லம். தஞ்சாவூர் வல்லமும் இல்லை, செங்கல்பட்டு வல்லமும் இல்லை. செஞ்சிப் பக்கத்து வல்லம். 2024 நவம்பர் கடைசியில் அங்கே சித்தி மகன் குடும்பத்தோடு வந்து இறங்கினான். சிங்கப்பூரில் பள்ளிகளுக்கு வருஷக் கடைசி விடுமுறை. தம்பிக்கு இது சொந்த ஊர். 12 வயசுப் பையனுக்கோ, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி வருகிற வெளிநாட்டுப் பயணம்! மணிவாரியாகத் திட்டம் போட்டு, பிரிண்ட் எடுத்துக் கையோடு கொண்டுவந்திருந்தான். சனிக்கிழமை காலை 6.30, ராஜகிரி. ஞாயிறு, திருவண்ணாமலை. திங்கள், சென்னை. கோட்டைக்கு வழிகாட்டி நான்.

நான் பி.காம். எந்த பட்ஜெட்டைப் பார்த்தாலும், எதிர்பாராத செலவுக்கு என்ன ஒதுக்கியிருக்கிறது என்றுதான் முதலில் கண் போகும். அந்தத் தாளில் மழைக்குக் கால் மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. அவனை ஏன் குறை சொல்ல வேண்டும்? காரைக்காலுக்கும் மகாபலிபுரத்துக்கும் நடுவே ஃபெஞ்சல் புயல் வரப்போகிறது என்று ஊருக்கெல்லாம் சேதி சொல்லிக்கொண்டிருந்தவன் நான். ‘கடல் எங்கேயோ, செஞ்சி எங்கேயோ’ என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியதும் நானே.

சனிக்கிழமை, 30-ம் தேதி. தூறலும் காற்றும். “பத்து மணிக்கு விட்டுரும்” என்றேன். பிறகு “சாயங்காலம் விட்டுரும்” என்றேன். பையன் ஷூவைக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். பார்க்கப் பாவமாக இருந்ததால் கதை சொன்னேன். ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் 1690-ல் வந்து செஞ்சியை முற்றுகையிட்டார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-ல். அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார்.

“எட்டு மழைக்காலம் வெளியில காத்துக்கிட்டு இருந்தாங்கடா. உனக்கு எட்டு மணி நேரம் பொறுக்கலியா?”

“அவங்களுக்கு ரிட்டர்ன் டிக்கெட் இல்லையே பெரியப்பா!”

பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்று ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறிய புயல், நகர மனசில்லாமல் அங்கேயே நின்றுவிட்டது. மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. எங்களுக்குக் கரன்ட் இல்லை, செல்போனில் உயிர் இல்லை. ஓடு ஒழுகிய இடங்களில் அண்டா, குண்டான், கடைசியில் பையனின் டிபன் பாக்ஸ்!

ஞாயிறு காலையும் மழை. தம்பி புலம்ப ஆரம்பித்தான். திருவண்ணாமலை ஓட்டலுக்குக் கட்டிய முன்பணம், வாடகைக் கார், மாற்ற வேண்டிய டிக்கெட். நானும் சும்மா இல்லாமல், “காமர்ஸ்ல இதுக்கு முழுகிய செலவுன்னு பேருடா. போன காசு போனதுதான். அதை வச்சு அடுத்த முடிவை எடுக்கக் கூடாது” என்று வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கொல்லைப்புறக் கதவைத் திறந்துகொண்டு சித்தி வந்தாள். உரச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. அவள் வெளியே போனதையே எங்களில் யாரும் கவனிக்கவில்லை.

“இந்த மழையில எங்கம்மா போன?”

“மாட்டைப் பாக்கத்தான்” என்றாள். கை காலைக் கழுவிக்கொண்டு, “புள்ள பசியோட இருக்கு பாரு” என்று பஜ்ஜிக்கு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள்.

மாடு கட்டியிருந்தது வாசல் பக்கம்.

மத்தியானம் மழை கொஞ்சம் விட்டது. குடையை எடுத்துக்கொண்டு சித்தி பின்னாலேயே போனேன். 2 ஏக்கர் சம்பா. கதிர் வந்து பால் பிடிக்கிற நேரம். ஏரி எது, கழனி எது என்று தெரியவில்லை. வரப்பே காணோம். மோட்டார் கொட்டாயின் கூரையை அடையாளம் வைத்துத்தான், “நம்மளது அதோ” என்று காட்டினாள்.

“தண்ணி வடிஞ்சா தேறுமா சித்தி?”

“மூணு நாள் நின்னா அழுகிடும் கண்ணு.”

உழவு, நடவு, களை, உரம் என்று ஏக்கருக்கு 25,000 ரூபாய் போட்டிருந்தாள். சங்கிலி அடகில் இருந்தது. “அவங்கிட்ட சொல்லிடாத. அஞ்சு வருஷமா நெலத்த வித்துட்டு அங்க வான்னு உசுர வாங்கறான். இதப் பாத்தா நாளைக்கே புரோக்கரக் கூட்டியாந்துருவான். லீவுக்கு வந்த புள்ள வேற. மூஞ்சி வாடக் கூடாது.”

திரும்பி வந்தால், தம்பி இன்னும் ஓட்டல் முன்பணத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. இதை எழுதுவதில்கூடப் பெரிய ஆபத்து இல்லை, அவன் தமிழ்ப் பத்திரிகை படிப்பதை விட்டுப் பல வருஷமாகிறது.

அன்று சாயங்காலம் திருவண்ணாமலையில் மண் சரிந்து வீடு புதைந்தது. 7 பேர் போனார்கள். சேதி எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது. பையன் தன் தாளில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக எழுதியிருந்ததைப் பார்த்தான். மடித்துப் பைக்குள் வைத்தான். அப்புறம் அந்தத் தாளை எடுக்கவே இல்லை.

திங்களன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம் ஏறி, ரயில்களை நிறுத்தினார்கள். செவ்வாயன்றுதான் கிளம்ப முடிந்தது.

அரசு நிவாரணம், நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஏக்கர் கணக்கில் போட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய 6,900. சித்தியின் 2 ஏக்கருக்கு 14,000-கூட வராது. போட்டது 50,000. தை மாசம் அதே சேற்றில் உளுந்து விதைத்தாள்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் தன் நிலத்துப் புது அரிசியில் அதிரசம் சுட்டு, சிங்கப்பூர் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவது சித்தியின் வழக்கம். 2025 பொங்கலுக்கும் போயிற்று. நான் வல்லத்தில் இருந்தபோதுதான் தம்பியின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“நம்ம கழனி அரிசி ருசி வேற எதுலயும் வராதும்மா!”

“ஆமாண்டா” என்றாள் சித்தி. செஞ்சி மளிகைக் கடையின் பச்சரிசிப் பை அவள் பக்கத்திலேயே இருந்தது. அதைக் காலால் மெல்லக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.