பழைய வண்டியின் உண்மையான விலை

கல்லூரி விடுதிகளில் இரவு பதினோரு மணிக்கு மேல் பேசப்படுவதை இரண்டாகப் பிரித்துவிடலாம். ஒன்று சினிமா. இன்னொன்று, "படிப்பு முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது பைக்லயே கன்னியாகுமரி போயிடணும் மச்சி" என்கிற சபதம். சபதம் எடுப்பவர்கள் பத்துப் பேர் என்றால் வண்டி இருப்பது மூன்று பேரிடம். அதிலும் இரண்டு அப்பாவுடைய வண்டி. காலையில் பால் வாங்கப் போக வேண்டியது. புதிதாக ஒரு 150 சிசி எடுக்கலாம் என்றால் ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. ஆக, பேச்சு கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: ஒரு பழைய வண்டி வாங்கினால் என்ன?

திருச்சியில் பி.காம். படிக்கிற ஒரு பையன் பகுதி நேர வேலைக் காசு, பாட்டி கொடுத்த காசு எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் வைத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். அவன் முதலில் என்ன செய்வான்? 60,000 ரூபாய்க்கு வண்டி தேடுவான். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். அங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

இத்தனைக்கும் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று ஒரு பாடம். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைப் பழுது பார்த்தால் அது வருவாயினச் செலவு. ஆனால் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி, அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் பழுதுச் செலவு முதலினச் செலவு. அதாவது அதுவும் இயந்திரத்தின் விலையோடு சேரும். பரீட்சையில் இந்தக் கணக்கை எழுதி மார்க் வாங்கியவன்தான், பைக் வாங்கப் போகும்போது அதைச் சுத்தமாக மறந்துவிடுகிறான் :-)

ஆகவே 60,000 ரூபாய் இருந்தால் தேட வேண்டியது 42,000 ரூபாய் வண்டியை. 14,000 அதைச் சரிபண்ண. மீதி 4,000 பெயர் மாற்றம், இன்சூரன்ஸ். இது ஒரு தோராயமான பங்கீடுதான். ஆனால் சரிபண்ணும் காசைத் தொட்டு வண்டியின் விலையில் போட்டுவிட்டால், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு புளியமரத்தடியில் அந்தக் காசு வட்டியோடு வெளியே வரும்.

எத்தனை வயது வண்டி?

புது வண்டியின் மதிப்பு வேகமாகக் கரைவது முதல் சில வருடங்களில். இன்சூரன்ஸ் நிறுவனங்கள் வண்டியின் மதிப்பைக் கணக்கிட ஒரு தேய்மான அட்டவணை வைத்திருக்கின்றன. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50. அதற்கு மேல் வயதான வண்டிக்கு நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்கிற மதிப்பு.

காகிதக் கணக்கில் பாதி மதிப்பை முதல் உரிமையாளரே ஐந்து வருடத்தில் தின்று முடித்துவிடுகிறார். அதற்குப் பின் வாங்குபவருக்கு இழப்பு குறைவு. ரொம்பப் பழசாகவும் போகக் கூடாது. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருடம். அதற்கு மேல் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். ஆக, ஆறிலிருந்து ஒன்பது வயதுக்குள் இருக்கிற வண்டி மாணவனின் பைக்கும் பர்சுக்கும் நடுவில் ஒரு சமாதான உடன்படிக்கை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். மழையில் திடீரென பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பது இதுதான். பட்ஜெட் எட்டுமானால் அதற்குப் பிந்தைய வண்டிக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கொடுக்கலாம்.

எந்த வண்டி?

தூரப் பயணம் என்றதும் எல்லாரும் பெரிய இன்ஜினைத் தேடுவார்கள். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைப்படி நான்கு வழிச் சாலையில் பைக்குக்கு உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ. அப்படியானால் கேள்வி 120-ஐத் தொடுமா என்பதே இல்லை. எழுபது எண்பதில் மூன்று மணி நேரம் மூச்சிரைக்காமல் ஓடுமா என்பதுதான்.

97.2 சிசி ஸ்ப்ளெண்டர் கன்னியாகுமரி போகாதா? தாராளமாகப் போகும். செங்கல்பட்டு முதல் செங்கோட்டை வரை அதற்கு மெக்கானிக் இல்லாத ஊர் கிடையாது. ஆனால் பின்னால் ஒரு ஆளும் ஒரு பையும் ஏறி, முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டி வரும்போது அதனிடம் கையிருப்பு சக்தி இல்லை. தனியாக, அறுபதில், பொறுமையாகப் போகிறவனுக்கு அதுவே போதும்.

புல்லட் ஆசை எல்லாருக்கும் உண்டு. கிளாசிக் 350 எடை 190 கிலோவை ஒட்டி. பழசானாலும் விலை இறங்காது, பராமரிப்பும் கொஞ்சம் கைக்காசைக் கேட்கும். ஆர்.எக்ஸ்.100 பற்றிப் பேசினால் சண்டைக்கு வருவார்கள். 1985-இல் வந்து 1996-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி அது. கடைசியாக வந்ததற்கே முப்பதை ஒட்டிய வயது. அந்தச் சத்தத்துக்காக விலை கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் இரண்டும் ஊர் சுற்றுவதற்கென்றே செய்தவை. ஆனால் 42,000 ரூபாய்க்கு நல்ல நிலையில் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் ஏன் கிடைக்கிறது என்று இரண்டு தடவை கேட்க வேண்டும்.

மிஞ்சுவது நடுத்தர வர்க்கம்: 2001-இல் வந்த பல்சர் 150, 2004-இல் வந்த யூனிகார்ன், கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து போக ஆசைப்படுபவர்களுக்கு 2010-இல் வந்த அவெஞ்சர் 220. மூன்றுக்கும் ஸ்பேர்ஸ் சின்ன ஊரிலும் கிடைக்கும். 150 சிசி என்பது இன்சூரன்ஸிலும் ஒரு எல்லைக்கோடு. 2022 ஜூனில் நிர்ணயிக்கப்பட்ட மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியம், 150 சிசி வரை ஆண்டுக்கு 714 ரூபாய்; அதைத் தாண்டி 350 சிசி வரை 1,366. பழைய யூனிகார்ன் 149 சிசி. காமர்ஸ்காரனுக்கு அந்த ஒரு சிசியின் அருமை தெரியும்!

வாத்தியார் ஓட்டின வண்டி

ஆட்டோ கன்சல்டிங் கடைக்குப் போனால் ஒரு விஷயம் புரியும். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வருகிற அத்தனை வண்டியையும் ஒரு வாத்தியாரோ பேங்க் ஆபீசரோதான் ஓட்டியிருப்பார். "சிங்கிள் ஓனர் தம்பி. வீட்டுக்கும் ஸ்கூலுக்கும்தான் போச்சு. இன்ஜின்ல கையே வைக்கலை."

இங்கேதான் கூட வந்த மெக்கானிக் அண்ணன் தேவைப்படுகிறார். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவருக்கு டிபன் வாங்கிக் கொடுத்து, ஐந்நூறு ரூபாயும் கையில் வைத்தால் அதுதான் இந்த முழு வியாபாரத்திலும் லாபமான முதலீடு.

"அண்ணே, பார்க்கப் புதுசு மாதிரியே இருக்குண்ணே."

"அதான் தம்பி யோசனையா இருக்கு. எட்டு வருஷ வண்டி ஏன் புதுசு மாதிரி இருக்கணும்?"

அவர் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள்; குளிர்ந்த இன்ஜினில்தான் உண்மை தெரியும். ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரைப் பார்ப்பார். நீலப் புகை தொடர்ந்து வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புவார். நடுவில் ஒரு இடத்தில் பிடித்தால் கோன் செட் போய்விட்டது. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுவார். ஆடினால் ஸ்விங் ஆர்ம் புஷ். முன் ஃபோர்க்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் சீல். பின் ஸ்ப்ராக்கெட்டில் பல் அரிவாள் நுனி போல வளைந்திருந்தால் செயின் செட்டே மாற்ற வேண்டும். மீட்டர் 18,000 கி.மீ. காட்டி, கால் வைக்கும் ரப்பரும் பிரேக் பெடலும் வழவழவென்று தேய்ந்திருந்தால், எதை நம்புவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவற்றில் கோன் செட், புஷ், சீல், செயின் எல்லாம் வண்டியை மறுக்கக் காரணம் அல்ல. விலையைக் குறைக்கக் காரணம். ஒவ்வொன்றையும் துண்டுச் சீட்டில் எழுதி, மெக்கானிக் சொல்கிற தொகையைப் பக்கத்தில் போட்டுக் கூட்டினால், பேரம் பேசத் தனியாகத் திறமை எதுவும் வேண்டாம். ஆனால் சேசிஸ் வளைந்த வண்டி, தொடர்ந்து நீலப் புகை விடும் வண்டி, ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் நம்பரோ சேசிஸ் நம்பரோ பொருந்தாத வண்டி... கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

டயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பட்டன் தேயாமல் இருந்தாலே டயர் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2218 என்றால் 2018-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமல் நின்ற வண்டியின் டயர் பட்டனோடு இருக்கும், ரப்பர் மட்டும் இறுகிப்போயிருக்கும். ஈரச் சாலையில் அது பிடிக்காது. 14,000 ரூபாயில் முதல் உரிமை டயர்களுக்கும் பிரேக்குக்கும். அடுத்து செயின், பேட்டரி, ஆயில். பெட்ரோல் டியூபையும் ஒரு தரம் பார்க்கச் சொல்லலாம். 2025-இல் நாட்டில் பெட்ரோலின் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது, பழைய வண்டியின் ரப்பர் பாகங்கள் அதை நினைத்துச் செய்தவை அல்ல. மியூசிக் ஹாரன், கலர் எல்.இ.டி. எல்லாம் அடுத்த ஜென்மத்தில்.

யார் பெயரில் ஓடுகிறது?

பலரும் சறுக்குவது வண்டியில் இல்லை, காகிதத்தில். "பேர் மெதுவா மாத்திக்கலாம் தம்பி, ஓனர் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் இருக்கு" என்பார்கள். அந்த ஃபார்ம் 29-உம் 30-உம் மேசை டிராயரில் வருடக்கணக்கில் தூங்கும்.

விபத்து நடந்தால் என்ன ஆகும்? பல கை மாறிய ஒரு காரின் விபத்து வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே. காரை எப்போதோ விற்று மறந்துபோன மனிதர் அவர். அதாவது, பையன் பெயர் மாற்றாமல் ஓட்டுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் முகம் தெரியாத ஒருவருடைய தலையில் ஏறிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு அவன் அதே வண்டியை இன்னொருவனுக்கு விற்கும்போது அந்தத் தலை அவனுடையதாக இருக்கலாம்.

மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் விற்பனையைத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸில் பெயர் மாற்ற 14 நாள். ஃபைனான்ஸில் எடுத்த வண்டி என்றால் கடன் முடிந்ததற்கான தடையில்லாச் சான்றும் ஃபார்ம் 35-உம் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்கக் கூடாது. 2018 செப்டம்பருக்குப் பின் விற்ற புது பைக்குகளுக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்தே வந்தது. "இன்சூரன்ஸ் இருக்கு" என்று சொன்னால் அது எந்தத் தேதியில் முடிகிறது, முடிந்தபின் புதுப்பித்தார்களா என்று பார்க்க வேண்டும். பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் அபராதம் ஏதும் பாக்கி இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

பிறகு?

எல்லாம் முடிந்ததும் நேராகக் கன்னியாகுமரிக்குக் கிளம்பிவிடக் கூடாது. முதலில் ஒரு நூறு கிலோமீட்டர் போய் வர வேண்டும். திரும்பியதும் செயின் தளர்ந்திருக்கிறதா, எங்காவது ஆயில் கசிகிறதா, எந்த போல்ட் லூசாகியிருக்கிறது என்று பார்த்து, அதே மெக்கானிக் அண்ணனிடம் மறுபடி காட்ட வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை அதற்கு அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம். பிரேக்கை நம்பத் தொடங்கிய பிறகு.

திருச்சியிலிருந்து கன்னியாகுமரி சுமார் 380 கி.மீ. போக வர 760. லிட்டருக்கு 45 கி.மீ. கொடுத்தால் 17 லிட்டர் பெட்ரோல். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் பைக்குக்குக் கட்டணம் கிடையாது; இடது ஓரப் பாதையில் கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

சில வாரங்களில் ஆர்.சி. கார்டு தபாலில் வரும். பெரும்பாலான மாணவர்களுக்குத் தங்கள் பெயரில் பதிவாகும் முதல் சொத்து அதுதான். இருப்புநிலைக் குறிப்பில் சொத்துக்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டென்று அவர்களுக்குத் தெரியும்: பொறுப்புகள். பின்சீட்டில் உட்காரப் போகிற நண்பனுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட் ஒன்று வாங்கிவிட்டால், அந்தப் பக்கமும் ஓரளவு சரியாகிவிடும்.